இலை ஓரம் கருகுது, என்ன உரம் போடலாம்? (கடலூர், புதுச்சேரி மாடித்தோட்டம்)

கேள்வி, 09.06.2024

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு, கடலுக்கு நடந்தே போய்விடலாம். மாடியில் குரோபேக் வைத்து அரைக்கீரை, கத்தரி, செடி பீன்ஸ், தொட்டியில் ரோஜா. கோடை தொடங்கியதிலிருந்து எல்லாவற்றிலும் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காய்கிறது. மண்புழு உரம், பஞ்சகவ்யா, எப்சம் உப்பு, கடைக்காரர் கொடுத்த 19:19:19 எல்லாம் போட்டாச்சு. போடப் போட மோசமாகிறது. இன்னும் என்ன சத்து குறைவு?

09.06.2024, ராத்திரி

சத்து குறையவில்லை, கூடிப்போய்விட்டது. 19:19:19 உரமும் ஒரு வகை உப்புதான், எப்சம் பற்றி அதன் பெயரே சொல்லிவிடுகிறது. கடலோரத்து போர் தண்ணீரோடு இதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தால் வேர் தண்ணீரை இழுக்கவே திணறும், மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் வாடும். உள்ளே போன உப்பு தண்ணீரோடு பயணம் செய்து இலையின் கோடிக்குப் போய்ச் சேர்கிறது, தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் நுனியும் ஓரமும் முதலில் கருகுகின்றன.

நாளைக் காலையில் பையின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். தையல் ஓரத்திலும் அடித் துளையைச் சுற்றியும் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாகப் பொரிந்திருந்தால், நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தால், உரக்கடைப் பக்கம் கொஞ்ச நாள் போகாதீர்கள்.

10.06.2024

வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்தால் கரிக்கிறது என்றும். சரி, நாக்கை விட மீட்டர் நல்லது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும், பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பாட்டில் டானிக்கின் விலை கூட இருக்காது.

அது 450க்குள் (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு) காட்டினால் எந்தச் செடிக்கும் பயமில்லாமல் ஊற்றலாம். அதற்கு மேல் 2000 வரை செடியைப் பொறுத்தது, எப்படி ஊற்றுகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. 2000 தாண்டினால் அந்தத் தண்ணீரில் காய்கறித் தோட்டம் என்ற பேச்சே வேண்டாம். பீன்ஸ், கேரட், வெங்காயம், எலுமிச்சை, ரோஜா இதெல்லாம் ரொம்ப ரோஷக்காரச் செடிகள், கொஞ்சம் உப்பு கூடினாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கத்தரி, மிளகாய், தக்காளி நடுவில். கொத்தவரை, காராமணி, பீட்ரூட் தாங்கும். தரையில் வைப்பதென்றால் தென்னை, சப்போட்டா, அரளி. கடலோரத் தெருக்களில் காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்தால் இவைதானே நிற்கின்றன? யாரும் மீட்டர் வைத்துப் பார்த்து நடவில்லை, மற்றதெல்லாம் செத்துப்போய் இவை மிஞ்சின.

உங்கள் பட்டியலில் இருப்பதில் பாதி ரோஷக்காரக் கூட்டம். பீன்ஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

11.06.2024

வில்லியனூர் நண்பர் ஒருவர் சரியாகப் பிடித்தார்: சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைந்தாலும் இலை ஓரம் கருகும். உண்மைதான். ஆனால் அது அடி இலையிலிருந்து மேலே ஏறும், பையில் வெள்ளைப் பொரிவு இருக்காது. தவிர, 19:19:19இல் கடைசி 19 சாம்பல் சத்துதான், அதைத் தாராளமாகக் கொடுத்த வீட்டில் அது குறைய வழியில்லை. உரமே போடாத வீட்டில் ஓரம் கருகினால் அவர் சொல்வதை முதலில் யோசிக்கலாம்.

14.06.2024

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். விடாதீர்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் எங்கே போகும், அந்தக் குழாயில்தான். 900 டிடிஎஸ் தண்ணீர் உள்ளே போய்ப் பாதி குடிநீர், பாதி கழிவு என்று பிரிந்தால் கழிவு கிட்டத்தட்ட 1800. பாத்திரம் துலக்கலாம், வாசல் கழுவலாம்.

சாஃப்ட்னர் தண்ணீரும் அப்படியே. சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிற வேலை அது. துணிக்கு நல்லது, சோப்பு நன்றாக நுரைக்கும். வேருக்குக் கெடுதல்.

எதை விடலாம்? ஏசி தண்ணீர். காற்றிலிருந்து வடிந்தது, உப்பே கிடையாது. இந்த ஊர் ஈரப்பதத்துக்கு ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு வாளி சேரும். என் வீட்டில் ரோஜா பிழைத்திருப்பது ஏசி புண்ணியத்தில்தான், கரண்ட் பில்லைப் பார்த்தால் அது கடலூரிலேயே விலை உயர்ந்த ரோஜா.

15.06.2024

அரிசி களைந்த தண்ணீர் சரி. மீன் கழுவிய தண்ணீர் பற்றி ஒரு அக்கா கேட்டிருந்தார், அதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் மீனைக் கல் உப்பு போட்டுத் தேய்த்துத்தானே அலசுவோம்? உப்பு போடுவதற்கு முன்னால் அலசும் முதல் தண்ணீர் மட்டும் செடிக்கு. என் மாமியார் எல்லாத் தண்ணீரையும் கறிவேப்பிலைக்கு ஊற்றி, "முதுநகர் மீன் ஊற்றியும் இது வளரலையே" என்று அந்தச் செடியைத் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது முதல் தண்ணீர் செடிக்கு, மீதி சாக்கடைக்கு, தெருப்பூனைக்குத்தான் என்மேல் கோபம்.

மீன் அமிலம் செய்பவர்கள் கழிவை மார்க்கெட்டிலேயே வாங்குங்கள், உப்பு படாமல் கிடைக்கும். கழிவும் வெல்லமும் சம எடை, மூடி இறுக்கமான டப்பா, மூன்று வாரம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும்.

02.07.2024

ஜிப்சம். இதைப் பற்றி எழுதாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், விட மாட்டேன் என்கிறீர்கள்.

ஜிப்சம் உப்பை முறிக்காது. மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியத்தை உட்கார வைக்கும், அவ்வளவுதான். தள்ளப்பட்ட சோடியம் கீழே இறங்கிப் போக நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். 2004 சுனாமிக்கு அப்புறம் இந்த மாவட்டத்தில் கடல் தண்ணீர் ஏறிய நிலங்களில் ஜிப்சம் போட்டார்கள் என்று ஒருவர் சொல்கிறார், அது வயல், அதில் பாத்தி கட்டி மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்தார்கள். அதே உப்புத் தண்ணீரைத் தினமும் ஊற்றிக்கொண்டே பையில் ஜிப்சம் போட்டால் பைக்குள் ஜிப்சமும் இருக்கும், உப்பும் இருக்கும்.

பைக்கு வழி எளிது. பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி அடித் துளை வழியாக ஓட விடுங்கள். அவ்வளவு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்றால், வானத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நல்ல மழை, உங்கள் பைகள் எல்லாம் கூரைக்கு அடியிலிருந்து வெளியே, வேலை முடிந்தது. மழை வரும் வரைக்கும் ஊற்றும்போது அடியில் கொஞ்சம் வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். கப் கப்பாக நாலு தடவை தெளிப்பவர்கள் பையில்தான் உப்பு தேங்கி நிற்கும்.

21.07.2024

ஆடி பிறந்துவிட்டது, விதை போடும் கைகள் சும்மா இருக்காது. ஒரே எச்சரிக்கை: பந்தல் அவரை போட்டுவிட்டு செப்டம்பரில் "கொடி மட்டும் வளருது, பூக்கலை" என்று என்னிடம் வராதீர்கள். நாட்டு அவரையும் மொச்சையும் பகல் சுருங்கி ராத்திரி நீண்டால்தான் பூக்கும். ஆடியில் போடு, கார்த்திகைக்கு மேல் எதிர்பார். இடையில் யூரியா வைத்தால் கொடி இன்னும் கொழுக்கும், பூ அதே தேதிக்குத்தான் வரும். பொறுமை இல்லாதவர்களுக்குச் செடி அவரை இருக்கிறது, அது நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை.

24.07.2024

கத்தரி எந்த ரகம்? கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பாலூர் 1, பாலூர் 2 இரண்டும் அங்கே வந்த ரகங்கள்தான். நம் மண்ணில், நம் வெயிலில் தேர்ந்தெடுத்த ரகம் பக்கத்திலேயே இருக்க, படம் போட்ட பாக்கெட்டில் எங்கிருந்தோ வரும் விதையை ஏன் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. புடலையிலும் பாலூர் ரகம் உண்டு.

18.08.2024

நெல்லித்தோப்பிலிருந்து ஒரு கேள்வி: பீர்க்கையில் பிஞ்சு பிடித்துப் பிடித்து மஞ்சளாகி விழுகிறது, தினமும் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்க்கிறேன், போரான் குறைவா?

போரான் இல்லை, நேரம். பீர்க்கம்பூ சாயங்காலம் மலர்வது. காலையில் நீங்கள் போகும்போது அந்தப் பூவின் கதை முடிந்து வாடத் தொடங்கியிருக்கும். சுரையும் அப்படித்தான், புடலையும் பொழுது சாய்ந்த பிறகுதான். பாகலும் பூசணியும் காலைப் பூ. மூன்றாவது மாடிக்குத் தேனீ ஏறி வருவது குறைவு, ராத்திரிப் பூச்சிகளும் தெருவிளக்கைச் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் நாம்தான் தரகு வேலை பார்க்க வேண்டும்.

ஆறு மணிக்கு மேல் மாடிக்குப் போங்கள். பெண் பூவுக்குப் பின்னால் விரல் நீளத்தில் வரிவரியாகப் பிஞ்சு இருக்கும், நடுவில் பச்சையாக மூன்று பிளவாகச் சூலகமுடி. ஆண் பூ கொத்தாக வரும், பின்னால் வெறும் காம்பு. ஆண் பூவின் மஞ்சள் இதழை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் மகரந்தத்தை அந்த மூன்று பிளவிலும் மெதுவாகத் தொட்டு வையுங்கள். விரலில் மஞ்சள் தூள் ஒட்டினால் மகரந்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒட்டவில்லையென்றால் வேறு பூ. இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தலை குனிந்து தடிக்கத் தொடங்கும், பிடிக்காதது அப்படியே நின்று மஞ்சளாகும்.

கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் கொஞ்ச நாள் ஆண் பூ மட்டுமே வரும், அதற்கும் டானிக் கிடையாது.

19.08.2024

ஒரே நாளில் பதில்: "கொசு கடிக்குது." ஆமாம், கடிக்கும்.

08.09.2024

நாற்றங்காலுக்குத் தேங்காய் நார்க்கழிவு வாங்கும்போது கவனம். 5 கிலோ கட்டி ஊறினால் எழுபது லிட்டருக்கு மேல் வரும், ஆனால் கட்டிக்குக் கட்டி உப்பு மாறும், கழுவாத கட்டியில் சோடியமும் பொட்டாசியமும் நிறையவே இருக்கும். ஊற வைத்த தண்ணீரில் அந்தப் பேனா மீட்டரை விட்டுப் பாருங்கள், சிலது ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும். நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, மறுபடி ஊற வைத்துப் பிழிந்து, மீட்டர் இறங்கின பிறகு கலவையில் சேருங்கள். எனக்கு விற்ற கடைக்காரர் "கழுவினது சார்" என்றார். எதில் கழுவினார் என்று கேட்கவில்லை.

மண் கலவை பற்றியும் கேட்டார்கள். செம்மண், தொழு உரம், நார்க்கழிவு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. விகிதத்தில் சண்டை போட ஆள் இருக்கிறார்கள், நான் வரவில்லை. மாடி தாங்குமா என்பதை மட்டும் பாருங்கள்: 12க்கு 12 அங்குலப் பை நனைந்தால் 20 கிலோ பக்கம் வரும். சுவரோரமும் பீமுக்கு மேலேயும் வரிசை, அடியில் செங்கல்.

27.10.2024

திருப்பாதிரிப்புலியூர் சாமந்தி விவகாரம். படம் பார்த்தேன். ஒரே சமயத்தில் வைத்த ஒரே வகைச் செடிகள், வீட்டின் பின்பக்கம் வைத்தவற்றில் மொட்டு நெருக்கி நிற்கிறது, வாசல் பக்கம் இருப்பவை பச்சைப்பசேலென்று இலையாகவே நிற்கின்றன. வாசலில் புதிதாக எல்இடி தெருவிளக்கு போட்டார்கள் என்று நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் காரணம். ஜூலையில் அவரைக்குச் சொன்னதேதான்: சாமந்திக்கும் ராத்திரி நீளமாக, இருட்டாக இருக்க வேண்டும். விடிய விடிய விளக்கு எரிந்தால் செடிக்கு இன்னும் கோடைகாலம்தான். பூவைத் தள்ளிப்போட வேண்டுமென்று விளக்குப் போட்டே வளர்க்கும் விவசாயிகள் இருக்கிறார்கள், உங்களுக்கு அது இலவசமாக நடக்கிறது. தொட்டியைத் தூக்கிப் பின்பக்கம் வையுங்கள், பொங்கலுக்காவது பூ வரும்.

உரம் போடவா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்!

24.11.2024

குண்டுமல்லிக்குக் கவாத்து நேரம். நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மீதியை வெட்டிவிடுங்கள், மனசு கேட்காது, கேட்கவும் வேண்டாம். உள்ளே குறுக்கே போகும் குச்சி, காய்ந்த குச்சி எல்லாம் போகட்டும். வெட்டுவதற்கு முன்னால் சில நாள் தண்ணீரை நிறுத்தணும் என்பார்கள், வங்கக்கடலைப் பார்த்தால் அது நம் கையில் இருப்பதாகத் தெரியவில்லை. வெட்டாத செடி குச்சியாக ஓடிப்போய் நுனியில் நாலு பூ பூக்கும், வெட்டிய செடி மார்ச் முதல் தலை நிறையப் பூக்கும்.

05.12.2024

இன்றைக்குத்தான் கரண்ட் நிலையாக வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறி, அப்புறம் நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். இங்கே கடலூரில் அதோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் பெண்ணையாற்றில் வந்து சேர்ந்தது, ஆற்றங்கரை ஊர்களில் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றிருக்கிறது. அவர்களிடம் போய்த் தக்காளிச் செடி பற்றிப் பேச முடியாது. மாடிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

செய்ய வேண்டியது மட்டும் சொல்கிறேன். பையில் தண்ணீர் நின்றால் அடித் துளையை வேர் அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்தி விடுங்கள், அல்லது பையை ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள். சாய்ந்த செடியை உடனே நிமிர்த்தி மண்ணை அழுத்தாதீர்கள், ஈர மண்ணை அழுத்தினால் வேருக்குக் காற்றே கிடைக்காது, குச்சி நட்டுக் கட்டினால் போதும். மேல் மண் கொஞ்சம் காய்ந்த பிறகு, வேர் அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்களான சூடோமோனாஸோ டிரைக்கோடெர்மாவோ ஊற்றலாம். வெயில் வந்தவுடன் உரம் வேண்டாம், புது வேர் வரட்டும்.

முருங்கை ஒடிந்தவர்கள் அழ வேண்டாம். ஒடிந்த கொம்பைக் கைத் தடிமனில் வெட்டி நட்டால் அதுவும் மரம், நின்ற அடியும் துளிர்க்கும்.

19.12.2024

"மழை வந்தால் உப்பு போய்விடும், செடி ஜோராக வரும் என்றீர்களே, இப்போது எல்லாம் வெளிறி மஞ்சளாகிறதே" என்று முத்தியால்பேட்டைக்காரர். ஜூலையில் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை ஆள் பார்த்துக் கழுவாது. உப்பு போன அதே துளை வழியாகத் தழைச்சத்தும் போய்விட்டது, அடி இலை மஞ்சளாவது அதனால்தான். ஆறு மாதமாக உரம் போடாதே என்றவனே இப்போது போடச் சொல்கிறேன்: கடலைப்புண்ணாக்கை இரண்டு நாள் ஊற வைத்து, நிறையத் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்து, வாரம் ஒரு தடவை. மேலே ஒரு கை மண்புழு உரம். பையில் இப்போது உப்பு இல்லை, போட்டது செடிக்குப் போகும். உங்கள் மீட்டரை வடிகிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள், நம்ப முடியாத எண் காட்டும்.

இப்போதிலிருந்து பிப்ரவரி வரைதான் நமக்கு ராஜபோகம். பீன்ஸ் ஆசை இருந்தவர்கள் இப்போது போடுங்கள்.

12.01.2025

தரையில் கொஞ்சம் இடம் இருக்கிறது, பலா வைக்கலாமா என்று குறிஞ்சிப்பாடியிலிருந்து. பாலூர் 1 பலா, பண்ருட்டி பக்கத்துப் பணிக்கன்குப்பத்து மரத்திலிருந்து தேர்ந்தெடுத்தது, ஒட்டுக் கன்றாக வாங்குங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், ரொம்பவே தள்ளி. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சின்ன இடம் என்றால் பலாவை விட்டுக் கொய்யா வையுங்கள், வருஷா வருஷம் கவாத்து செய்து ஆள் உயரத்தில் நிறுத்தலாம்.

16.02.2025

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி அமுங்குகிறது, முட்டை ஓட்டுத் தூள் போட்டேன், கேட்கவில்லை என்கிறார்கள். முட்டை ஓடு கரைய எத்தனையோ மாதம் ஆகும், இந்தக் காய்க்கு அது வந்து சேராது. கால்சியம் மண்ணில் இருக்கிறது, காய்க்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு காரணம்: ஒரு நாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது. இன்னொன்று, ஊகித்திருப்பீர்கள், உப்பு. மழை நின்று இரண்டு மாதம், திரும்ப போர் தண்ணீர், மீட்டர் மெல்ல ஏறியிருக்கும். கறுத்த காயைக் கிள்ளிப் போடுங்கள், மேலே தேங்காய் மட்டையோ காய்ந்த இலையோ மூடாக்குப் போடுங்கள், தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு.

கறுப்புப் பகுதியை வெட்டிவிட்டு ரசம் வைக்கலாம், அழுகாமல் இருந்தால். நாங்கள் வைத்தோம்.

23.03.2025

தக்காளிக்கு விடை கொடுக்கும் நேரம். ராத்திரியும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத மாதங்களில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும், நிழல்வலை கட்டினால் இலை பிழைக்கும், பூ பிழைக்காது. "பூ உதிராமல் இருக்க ஒரு மருந்து இருக்காமே" என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, கொடைக்கானலில் வீடு.

முத்தியால்பேட்டைக்காரர் மீட்டரில் போர் தண்ணீர் இப்போது 1400 காட்டுகிறதாம். கொத்தவரையும் காராமணியும் போடுங்கள், இரண்டும் இந்தத் தண்ணீரையும் வெயிலையும் தாங்கும். காராமணியில் எறும்பு வரிசையாக ஏறினால் நுனியைத் திருப்பிப் பாருங்கள், அசுவினி அப்பியிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், மீதிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய இரண்டு சொட்டு சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். ரோஜாவை என்ன செய்வது என்றால், ஏசி வாளி. கரண்ட் பில்லை என்னிடம் காட்ட வேண்டாம்.